யுரேனியம் 235-க்கு மெதுவான நியூட்ரானே ஏன் போதும்?

அன்புள்ள கயல்,

மெதுவான நியூட்ரானுக்கு யுரேனியம் 235 பிளக்கிறது, 238 ஏன் மசிய மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். '238 உறுதியானது' என்று உன் கைடில் இருக்கும் வரியை அடித்துவிடு. அது விடையே இல்லை.

முதலில் பிணைப்பு ஆற்றல். அணுக்கருவுக்குள் பூட்டி வைத்த இருப்பு என்று நினைத்தால் கடைசிவரை குழப்பம்தான். கரு உருவானபோதே வெளியேறிவிட்ட ஆற்றல் அது. அதனால்தான் நிறை குறைகிறது. ஒரு நியூட்ரான் புதிதாக வந்து சேர்ந்தாலும் அதே கணக்குதான். அதன் பங்குக்கான ஆற்றல் வெளியேறியாக வேண்டும். ஆனால் சேர்ந்த கணத்தில் அது கருவுக்குள்ளேயே கிளர்ச்சியாக நிற்கிறது. வெப்ப நியூட்ரானின் (அந்த மெதுவான நியூட்ரான்தான்) இயக்க ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட், வெறும் சுண்டைக்காய். கருவைப் பிளப்பது மோதல் அல்ல, இந்தக் கிளர்ச்சி.

அது எவ்வளவு என்று நீயே போட்டுப் பார். யுரேனியம் 235 அணுவின் நிறை 235.043930, நியூட்ரான் 1.008665, யுரேனியம் 236 அணு 236.045568 (எல்லாம் அணு நிறை அலகில்). முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 0.007027. நிறையை ஆற்றலாக்க அதை 931.494-ஆல் பெருக்கினால் 6.55 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி வரும் ஆற்றல் எண்களெல்லாம் இந்த அலகில்தான்). அடுத்து 238.050788-உடன் நியூட்ரானைக் கூட்டி, யுரேனியம் 239-இன் 239.054293-ஐக் கழி. 0.005160 வரும், அதாவது 4.81.

தசமத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று இடத்தோடு நிறுத்தினால் இரண்டாவது விடை 5.59 ஆகிவிடும், வாதமே ஆட்டம் கண்டுவிடும். இன்னொரு பொறி எலக்ட்ரான். இங்கே இரு பக்கமும் 92 எலக்ட்ரான் இருப்பதால் தானாக அடிபடுகிறது. ஆனால் ஹீலியம் 4-இன் பிணைப்பு ஆற்றலுக்கு அணு நிறையை எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் அணுவுக்குப் பதில் வெறும் புரோட்டான் நிறையைப் போட்டால், 28.30 வர வேண்டிய இடத்தில் 27.27 வரும். காணாமல் போனது இரண்டு எலக்ட்ரான்களின் நிறை.

இனி, பிளவதற்குக் கரு தாண்ட வேண்டிய தடை. 1939-இல் இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் கருவைத் திரவத் துளியாக வைத்துப் போட்ட கணக்கு இது. துளி நீளும்போது பரப்பு ஆற்றல் ஏறுகிறது, புரோட்டான்களின் விலக்கம் இறங்குகிறது. யுரேனியத்தில் பரப்பு ஆற்றல் ஏறத்தாழ 700, விலக்க ஆற்றல் ஏறத்தாழ 980. விலக்கம்தான் பெரிது என்றாலும், நீட்சியின் தொடக்கத்தில் பரப்பின் ஏற்றத்தை ஈடுகட்ட அது பரப்பு ஆற்றலைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாததால் ஒரு மேடு நிற்கிறது. இரண்டு கருவுக்கும் சற்று முன்பின்னாக அதன் உயரம் 6-ஐ ஒட்டித்தான். 6.55 தாண்டுகிறது, 4.81 தாண்டவில்லை.

சரி, அந்த 1.74 வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 235-இல் 92 புரோட்டான் போக நியூட்ரான் 143. ஒன்று ஒண்டியாக நிற்கிறது; வருகிற நியூட்ரான் அதோடு எதிர்ச் சுழற்சியில் ஜோடி சேர்கிறது. 238-இல் 146, எல்லாம் ஏற்கெனவே ஜோடி; வருகிறதுதான் ஒண்டி. ஜோடி ஆற்றலுக்கு 12-ஐ நிறை எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்கும் சூத்திரத்தைப் போட்டால் 0.78. ஒரு பக்கம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது, ஆக 1.56. வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுவே. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்: அணு உலைக்கு எது எரிபொருள் என்பதையே ஓர் ஒற்றைப்படை எண் தீர்மானிக்கிறது.

238-ஐயும் பிளக்கலாம், நியூட்ரான் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்தால். பிளவில் பிறக்கும் நியூட்ரான்களுக்குச் சராசரி 2 இருக்கிறதே என்பாய். உண்மைதான், ஆனால் 238-லேயே மோதி மோதி அவை சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதை மட்டும் வைத்துத் தொடர்வினை ஓடாது.

புளூட்டோனியம் 239-இல் நியூட்ரான் 145, யுரேனியம் 233-இல் 141. இரண்டும் மெதுவான நியூட்ரானுக்கே பிளக்கும். கல்பாக்கத்தின் 30 கிலோவாட் காமினி உலை 233-இல்தான் ஓடுகிறது. அந்த 233 தோரியம் 232-இலிருந்து கிடைப்பது. தோரியத்தையே நேராகப் போட்டால் என்ன என்று கேட்பதற்கு முன், தோரியம் 232-இன் 232.038056, தோரியம் 233-இன் 233.041582 இரண்டையும் வைத்து இதே கணக்கைப் போட்டு விடையை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா