புதுக்கோட்டைக் கலைஞர்களுக்கு ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமஸ்தானத் தலைநகராக இருந்த புதுக்கோட்டை, கர்நாடக இசைக்கும் தமிழ்த் திரைக்கும் அளித்த கலைஞர்களை இன்றைய இளைஞர்கள் அறிய வாய்ப்பின்றிப் போவது வருத்தமளிக்கிறது. உடும்புத் தோல் போர்த்திய சிறு தாள வாத்தியமான கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் அமர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், அவரிடம் பயின்று மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் ஒப்பற்று விளங்கிய தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் உருவாக்கிய வாசிப்பு முறையே லய (தாள) உலகில் இன்றளவும் ‘புதுக்கோட்டை பாணி’ என வழங்கப்படுகிறது. 1916இல் பிறந்த பி.யு.சின்னப்பா, நாடக மேடையில் பாடி வளர்ந்து, 1940இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ திரைப்படத்தில் இரட்டை வேடம் ஏற்றவர். அவர் இங்கே வாங்கிக் குவித்த வீடுகளைக் கண்டு, இனி வாங்கக் கூடாதென சமஸ்தானமே தடுத்ததாகச் சொல்வதுண்டு. 1920இல் பிறந்த ஜெமினி கணேசனும் இவ்வூர்க்காரரே. அவரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

நடிகர்களையாவது பழைய படங்கள் நினைவூட்டுகின்றன. ஒலிப்பதிவு பரவலாவதற்கு முன்பே புகழ்பெற்ற லய மேதைகளுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. எனவே திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில், மான்பூண்டியா பிள்ளையில் தொடங்கி இக்கலைஞர்களின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் கொண்ட தனிக்கூடம் ஒன்றை அமைக்கத் தமிழக அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுக்கோட்டை.