கோடியக்கரைக்குப் புரட்டாசியில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடியக்கரைப் பறவைகள் என்றாலே மார்கழி, தை மாதத்துப் பூநாரைதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள், உங்கள் நாளிதழ் உட்பட. வருடா வருடம் சதுப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைப் படம், கீழே ‘சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி’ என்று ஒரு வரி, அதோடு சரி. பூநாரைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் களைகட்டுவதற்கு முன்பே, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும், பக்கத்துக் காட்டுக்குள் நடப்பதை யாரும் எழுதுவதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம். நான் வேதாரண்யத்துக்காரன்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கரையை ஒட்டித் தெற்கே வரும் பறவைக்கு அதற்கு மேல் தரை இல்லை. எதிரே பாக் நீரிணை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தாண்டினால்தான் யாழ்ப்பாணக் கரை. உள்ளான், ஆலா போன்ற கடலோரப் பறவைகளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? ஆனால் ஆறுமணிக் குருவியை நினைத்துப் பாருங்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பகலில் மரத்தடியில் பூச்சி பொறுக்கி இரவில் பறந்து என்று இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த காட்டுப் பறவை அது, கடலில் களைத்தால் இறங்கி நிற்க அதற்கு ஒரு கிளைகூடக் கிடையாது.

அதனால் காத்திருக்கிறது. தெற்கேயிருந்து அடிக்கும் சோழகம் ஓய்ந்து வடக்கேயிருந்து வாடைக் காற்று பிடிக்கும் பருவம் அது, வாடை என்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிடும் காற்று. மழை கட்டிக்கொண்டு நின்றாலோ காற்று எதிரே அடித்தாலோ ஒன்றும் கிளம்பாது, வடக்கிலிருந்து வருவது மட்டும் வந்துகொண்டே இருக்கும், காட்டில் கூட்டம் ஏறும். அந்த நாட்களில் உகா மரத்தடியில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டும் சலசலப்பு கேட்கும். பச்சை முதுகு, தோளில் ஒரு நீலப் பளபளப்பு, வாலுக்கடியில் சிவப்பு, கண்ணோடு ஒரு கறுப்புப் பட்டை. அலகால் ஒரு சருகைத் தூக்கி எறியும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், இரண்டு தத்துத் தத்தி அடுத்த சருகுக்குப் போகும். வானம் தெளிந்த ஒரு ராத்திரி கழிந்து மறுநாள் போனால் அதே மரத்தடி காலி.

பஞ்சுருட்டான் பகலில் பறக்கும், அதனால் கிளம்புவதையே பார்க்கலாம். நீலவால் பஞ்சுருட்டான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், திடீரென்று மொத்தமும் கத்திக்கொண்டே எழும்பிக் கடலுக்கு மேல் போகும், கொஞ்ச தூரம் போய்விட்டு என்ன தோன்றுமோ, வட்டமடித்துத் திரும்பி வந்து அதே கம்பியில் உட்காரும். மறுபடி எழும்பும், மறுபடி திரும்பும். வானத்தைப் பார்த்துப் பார்த்துப் படகைத் தள்ளலாமா வேண்டாமா என்று நிற்கும் நம் மீனவர்கள் மாதிரியேதான். பார்க்கிற நமக்குத்தான் பொறுமை போய்விடும்!

கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சதுப்பு நிலமாக. இரண்டுக்கும் நடுவில் பாலையும் நாவலும் உகாவும் நிற்கிற அந்த உலர் பசுமைக்காட்டுக்குப் பேச ஆள் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் அதைப் புரட்டிப் போட்டது எல்லாருக்கும் தெரியும். திறந்த இடங்களில் சீமைக்கருவேல் பரவுவதும் புதிய செய்தி இல்லை. ஆனால் சருகும் பூச்சியும் பழமும் இருக்கிற மரத்தடி குறைந்தால் கடலைத் தாண்டப் போகிற பறவை எதைத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றும்? தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள அதற்கு இருப்பது சில நாட்கள்தான்.

எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று விளக்கு. இரவில் வலசை போகும் பறவைகளைப் பலமான வெளிச்சம் இழுத்துக் குழப்பும், உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. கடலோரத்து விடுதிகளும் பண்ணைகளும் ஐப்பசி முடியும்வரை தேவையில்லாத விளக்கை இரவில் அணைத்து, தேவையானதைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் போதும், கரண்ட் பில்லும் குறையும்.

இன்னொன்று, இது கடற்கரை ஊர்களுக்கு மட்டுமல்ல, சென்னை, மதுரைக்காரர்களுக்கும்தான். இந்த மாதங்களில் களைத்துப்போன ஆறுமணிக் குருவி வீட்டுக்குள்ளேயே வந்து விழும். வண்ணமாக இருக்கிறதே என்று கூண்டில் போடாதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு துணியை விரித்து உள்ளே விட்டு, மூடி, பூனையும் பிள்ளைகளும் போகாத இடத்தில் வையுங்கள். காயம் இல்லையென்றால் சாயங்காலம் மரம் உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போய்விடும், காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்த ஒரு பத்தியையாவது புரட்டாசி பிறக்கும்போது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், பூநாரைப் படத்தைத் தை மாதம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேதாரண்யம்