சனிக்கிழமைப் பயிற்சிக்குப் பிள்ளைகளின் வரவு

பெற்றோருக்கு வணக்கம்.

கடந்த சனி பின்னேரம் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு 14 பேரில் 5 பிள்ளைகள்தான் வந்தார்கள். இரண்டு பக்கமாகப் பிரித்து விளையாட விட முடியவில்லை. சப்பாத்துக் கயிற்றைத் தானே கட்டிப் பழகிக்கொண்டு வந்த ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, "மிச்ச ஆக்கள் எப்ப வருவினம் சேர்?" என்று கேட்டுவிட்டு, கடைசிவரை கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு மனம் சரியாகவே இல்லை.

பெரியவர்களின் 11 பேர் ஆட்டத்திலேயே ஒரு பக்கத்தில் 7 பேர் இல்லாவிட்டால் போட்டியைத் தொடங்க முடியாது. நாங்கள் விளையாடுவதே 7 பேர் ஆட்டம். ஒருவர் வராவிட்டாலும் மற்றப் பிள்ளைகளின் விளையாட்டுக் கெடுகிறது.

புலமைப்பரிசில் வகுப்பு, காய்ச்சல், நல்லூர்த் திருவிழா, எல்லாம் விளங்குகிறது. அதற்காக எந்தப் பிள்ளையையும் நிறுத்தவோ வெளியே இருத்தவோ மாட்டேன். கூட்டி வருவது நீங்கள்தானே. வர முடியாவிட்டால் வெள்ளி இரவு 8 மணிக்கு முன் இங்கே ஒரு வரி போடுங்கள், அது போதும். எத்தனை பேர் என்று தெரிந்தால் அதற்கேற்ற விளையாட்டை ஆயத்தம் செய்வேன். 4 பேர் என்றாலும் நடத்துவேன்.

கூட்டி வர ஆள் இல்லாத வீடுகள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டாருடன் கதைத்து ஒழுங்குபடுத்தலாம். பிந்தி வந்தாலும் பரவாயில்லை. மழை என்றால் 3 மணிக்கு அறிவிப்பேன்.

சரி, இந்தச் சனி 4 மணி. தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடுங்கள். வருகிறவர்கள் பெயரை இப்போதே போடுங்கள்.