செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடைச் சுற்றுலாவும் இந்த ஆண்டும் நன்றாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எங்கள் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, எங்கள் உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலில் உருவான ஒரு பதவி. “கவுன்சில் உத்தியோகத்துக்கும் எங்கட சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பதால், அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வயதுவந்தோர் சமூக சேவைத் திணைக்களத்துக்குத் துணைப் பணிப்பாளர் ஒருவரை நியமிக்கப் போவதாக இலையுதிர் காலத்தில் கவுன்சில் அறிவித்தது. இங்கிலாந்தில் சமூக சேவைக்கு ஒரு பணிப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டுச் சட்டம். சிறுமி விக்டோரியா கிளிம்பி 2000இல் கொல்லப்பட்டதை விசாரித்த லார்ட் லேமிங்கின் அறிக்கை 2003இல் வந்தது. அதைத் தொடர்ந்து, 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் பிள்ளைகளுக்கென்று தனிப் பணிப்பாளரைக் கட்டாயமாக்கியது. பழைய பதவி வயதுவந்தோருக்கு என்றாயிற்று. இரண்டையும் ஒருவரிடமே கொடுக்கத் தடையில்லை. எங்கள் கவுன்சிலில் அப்படித்தான். பிள்ளைகள் பக்கம் நெருக்கடி வந்தால் பணிப்பாளரின் நாள் அங்கேயே முடிந்துவிடும். முதியோர் கோப்புகள் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போகும். துணைப் பதவிக்குக் கவுன்சில் சொன்ன காரணம் இதுதான். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பராமரிப்புத் தர ஆணைக்குழுவான சி.கியூ.சி. இப்போது கவுன்சில்களின் வயதுவந்தோர் சேவையையும் பரிசோதித்துத் தரம் போடுகிறது. அந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், குழுவின் கருத்தல்ல.

இதற்காகக் கூட்டிய சிறப்புப் பொதுக்கூட்டம் சூடாகவே நடந்தது. “கதிரை கூடினால் கியூ குறையுமோ?” என்று மறதிநோய் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா கேட்டார். அந்த மேலாளரின் சம்பளத்தில் களத்தில் வேலை செய்யும் சமூகப் பணியாளர்களை எடுக்கலாமே என்றார்கள் பலர். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த அம்மாவின் சிக்கல் ஆள் பற்றாக்குறை மட்டுமல்ல. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, வீட்டில் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கும் தன் தேவையை மதிப்பிடும்படி கவுன்சிலைக் கேட்கும் உரிமையைத் தந்தது. எத்தனை நாளுக்குள் என்று அது சொல்லவில்லை. வழிகாட்டலில் இருப்பது “நியாயமான காலம்” என்ற அளவில்தான். ஆகவே காத்திருப்போர் பட்டியல் நீண்டாலும் “என் பொறுப்பு” என்று சொல்ல ஒருவர் இல்லை. தொலைபேசி எடுக்கிறவர் குழுத் தலைவரைக் காட்டுவார், குழுத் தலைவர் வரவுசெலவைக் காட்டுவார்.

பதவியை எதிர்த்து மனுப் போடும் பிரேரணை சிறு வித்தியாசத்தில் தோற்றது. அதனால் பதவி வரட்டும், அதன் கடமைப் பட்டியலில் என்ன எழுதப்படுகிறது என்பதில் கவனம் வைப்போம் என்று குழு தீர்மானித்தது.

கூட்டத்துக்கு ஐந்து முழு நாட்களுக்கு முன்னரே கவுன்சில் ஆவணங்கள் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தப் பதவி பற்றிய ஆவணத்தைப் பின்னிணைப்புவரை வாசித்தோம். வரவுசெலவு, மாற்றத் திட்டம், பரிசோதனைக்கான ஆயத்தம் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. பராமரிப்பாளர் பற்றி ஒரேயொரு வரி. சம்பளம் ஒரு இலட்சம் பவுண்ஸ் என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்தக் கோட்டைத் தாண்டும் நியமனங்களில் முழுச் சபைக்கு வாக்களிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான அரச வழிகாட்டல். சம்பளம் அதற்குக் கீழே நின்றது தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு பிரிவுத் தலைவர் பதவிகளை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் இதை உருவாக்குவதாகவும் எழுதியிருந்தது. அவர்களில் ஒருவர்தான் எங்கள் பகல்நேர நிலையத்தை நன்கு அறிந்த அதிகாரி. அவர் போனதால் ஏற்படும் இழப்பு எந்த அட்டவணையிலும் இல்லை.

நாங்கள் மூன்று திருத்தம் கேட்டோம். பராமரிப்பாளர் மதிப்பீட்டுக்குக் காத்திருப்போர் எண்ணிக்கைக்குத் துணைப் பணிப்பாளரே பொறுப்பு என்று எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை கவுன்சிலர்களின் மேற்பார்வைக் குழுவில் அதை வைக்க வேண்டும் என்றோம். அது ஏற்கப்பட்டது, இந்த ஆண்டின் உண்மையான பலன் அதுதான். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் தகுதியான உரைபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது இரண்டாவது. தாத்தாவின் மலசலப் பிரச்சினையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதிகாரிக்குச் சொல்ல நேர்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அது “இயன்றவரை” என்ற சொல்லுடன் சேர்க்கப்பட்டது. அந்தச் சொல்லை நீக்கக் கேட்டுத் தோற்றோம். பதவிக்கு வருபவர் பதிவுபெற்ற சமூகப் பணியாளராக இருக்க வேண்டும் என்ற மூன்றாவதை மறுத்துவிட்டார்கள். முதன்மைச் சமூகப் பணியாளர் ஏற்கெனவே இருக்கிறாராம். அவருக்கு வரவுசெலவில் கைவைக்கும் அதிகாரம் இல்லை என்பதைக் கடிதத்தில் சுட்டிக்காட்டினோம். பதில் இல்லை.

தெரிவைப் பற்றி ஒன்று. “எங்கட ஆள் ஒருத்தரைக் கொண்டுவர ஏலாதோ?” என்று சிலர் தனியே கேட்டீர்கள். ஏலாது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதி ஒன்றே அளவுகோல். கவுன்சிலரிடம் சிபாரிசு பிடித்தால் கவுன்சில் விதிப்படி அந்த விண்ணப்பதாரரே விலக்கப்படுவார். சேவை பெறுவோர் குழுவில் எங்கள் உபதலைவி அமர்ந்து விண்ணப்பதாரர்களிடம் கேள்வி கேட்டார். அந்தக் குழுவுக்கு வாக்கு இல்லை, கருத்து மட்டுமே. முடிவெடுத்தது கவுன்சிலர்கள் அடங்கிய நியமனக் குழு.

புதியவர் பங்குனியில் பொறுப்பேற்றார். சங்கத்துக்கு ஒருமுறை வந்து, குறிப்புப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு போனார். முதல் காலாண்டு எண்ணிக்கை ஆடியில் மேற்பார்வைக் குழுவுக்கு வர இருக்கிறது. கவுன்சில் தரும் எண்ணை ஒத்துப்பார்க்க எங்களிடம் ஒரு எண் வேண்டும். மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த திகதியையும் பதில் வந்த திகதியையும் வாசலில் உள்ள படிவத்தில் எழுதித் தாருங்கள். பெயர் எழுத விரும்பாதவர்கள் விடலாம்.

தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் தேவை. வெள்ளிக்கிழமை மதிய உணவு தொடர்கிறது. சங்க யாப்புத் திருத்தம் தனியாக வாக்கெடுப்புக்கு வருகிறது.

நிர்வாகக் குழுவின் சார்பில்,
செயலாளர்