பீரோ சாவியைக் கொடுங்கள் சார்

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், அவர்களுடைய பதிவேடுகளைச் சரிபார்க்கும் பள்ளிக்கல்வித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள், அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், கூட்டத்துக்குப் போய் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு கூட்டத்தில் பேச்சுவாக்கில் "நம்ம ஸ்கூல்ல லைப்ரரி இருக்கா சார்?" என்று கேட்டேன். இருக்கிறதே என்று ஹெச்.எம். தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பச்சை பீரோவைக் காட்டினார். திறந்து பார்க்கலாமா என்றேன். சாவியைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது.

கீழ்த்தட்டில் பழைய விடைத்தாள் கட்டு, கேரம் காய் டப்பா, சுதந்திர தினக் கொடி. மேல் தட்டுகளில் சணல் கயிறுகூட அவிழ்க்காத புத்தகக் கட்டுகள், பாச்சை உருண்டை வாசனையோடு. ஒன்றை உருவி எடுத்தேன். வண்ணப்படம் போட்ட கதைப் புத்தகம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் போட்டன. முதல் பக்கத்தில் பள்ளி முத்திரை, இருப்புப் பதிவேட்டு எண், 2011 என்று வருடம். அந்தப் புத்தகம் வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை இப்போது காலேஜில் இருக்கும்.

எங்கள் ஹெச்.எம்.மைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலை எட்டரைக்கே வந்து கேட்டைத் திறக்கிற மனிதர் அவர். ஏன் சார் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு மறைக்காமல் சொன்னார்: "கொடுத்தா கிழிச்சிடுவாங்க, தொலைச்சிடுவாங்க. ஆடிட்ல கேட்டா யார் கட்டுறது? எனக்கு சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம்தான். பிரச்சனை இல்லாம போகணும்."

பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை, எந்நேரமும் செல்போன்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, எங்கள் பள்ளியில் அவர்களுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நின்றது செல்போன் இல்லை, இருப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் காணாமல் போனால் கேள்வி வரும், ஒரு புத்தகத்தைப் பத்து வருடம் யாருமே தொடாவிட்டால் ஒரு கேள்வியும் வராது. அப்படியிருந்தால் நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

கடைக்கு வரும் ஒரு கல்லூரி நூலகரிடம் இதைப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐத் தேடி எடுத்து, 215-வது விதியை என் கடையிலேயே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தார். ஒரு வருடத்தில் இரவல் கொடுத்த அல்லது எடுத்துப் பார்த்த ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 புத்தகம் தொலைவது நியாயமான இழப்புதான், நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாத வரை, என்று அதில் இருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள், பீரோவில் இருக்கும் ஆயிரத்துக்கு இல்லை, பிள்ளைகள் கைக்குப் போய் வந்த ஆயிரத்துக்கு. 150 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் எடுத்தால் 40 வாரத்தில் 6,000 இரவல், அந்தக் கணக்கில் 30 புத்தகம் வரை தொலையலாம். பூட்டியே வைத்திருக்கும் பள்ளிக்கு ஒன்றுகூடத் தொலைய அனுமதி இல்லை! இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் டெல்லிக்குப் புரிந்த ஒன்று நமக்குப் புரியாமலா போகும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. பீரோ வேண்டும் என்று சொல்லவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று கூட்டம் பேசிப் பேசி, தொலைந்தால் குழுவே பொறுப்பு என்று தீர்மானம் எழுதிக் கொடுத்த பிறகு சாவி கிடைத்தது. வராண்டாவில் தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். இது எங்கள் மூளை ஒன்றும் இல்லை, பல தொடக்கப்பள்ளிகளில் டீச்சர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான். முதல் நாள் யாரும் கிட்டவே வரவில்லை. ஆறாவது படிக்கும் ஒரு பெண், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துவிட்டு, "தொடலாமா மிஸ்?" என்று கேட்டாள்.

துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்த சின்னப் புத்தகங்கள்தான் முதலில் கிழிந்தன, அதாவது அவைதான் அதிகம் ஓடின. அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு. பாம்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை ஒரே பையன் ஐந்து தடவை எடுத்தான், வேறு எதையும் தொடவில்லை. வேற எடுடா என்று சொல்ல வாய் வரை வந்தது, நல்லவேளை டீச்சர் என்னைத் தடுத்துவிட்டார். கிழிந்தவை என் கடைக்கு வருகின்றன, டேப் ஒட்டி ஸ்பைரல் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், மொத்தமாக இருநூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்து முடித்த பிள்ளையிடம் உடனே "இதிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். விமர்சனம் எழுது, சுருக்கம் எழுது, போட்டிக்கு அனுப்பு, அனுப்பியதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடு என்று ஆரம்பித்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம். என் மகள் ஒரு முறை எழுத வேண்டுமே என்பதற்காகவே இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தைத் தேடி எடுத்தாள், நான் பார்த்தேன். எழுத ஆசைப்படும் பிள்ளை எழுதட்டும், மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருக்கட்டும்.

அப்புறம் அந்த நூலகப் பாடவேளை. பரீட்சை நெருங்கினால் அது கணக்கு வாத்தியாரிடம் போய்விடுகிறது. அவருக்கு ஒரு தகவல்: சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான். உலகமே பாடமாகப் படிக்கிறது, நாம் பாச்சை உருண்டை போடுகிறோம்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது புதுத் திட்டமோ நிதியோ இல்லை. பயன்பாட்டில் கிழிந்த, தொலைந்த பள்ளி நூலகப் புத்தகங்களுக்கு, இத்தனைக்கு இத்தனை என்று வரம்பு வைத்து, ஆசிரியரிடம் பணம் வசூலிக்கக் கூடாது, மேலாண்மைக் குழுத் தீர்மானம் இருந்தால் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. ஒரு பக்கம் போதும்.

எங்கள் பள்ளியில் ஒரு வருடத்தில் ஒன்பது புத்தகம் திரும்பி வரவில்லை, பாம்புப் புத்தகம் உட்பட. அது யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த ஒன்பதையும் நீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஹெச்.எம். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். அதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்தால் அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா