எம்ஆர்ஐ நார்மல்னு வந்தா பார்கின்சன் இல்லைன்னு ஆயிடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த நடுக்குவாதம் (அதாவது பார்கின்சன் நோய்) கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஸ்கேன் பத்தி ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க, அதான் எழுதுறேன்.

எங்க அப்பாவுக்கு வலது தோள்பட்டை வலின்னுதான் ஆரம்பிச்சுது. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் இறுகிப்போச்சுன்னு சொல்லி கரண்ட் வச்சு, எக்சர்சைஸ் பண்ணி ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு. நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாம ஒடம்போட ஒட்டிக்கிட்டே வருதுன்னு அம்மாதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம் சட்டை பட்டன் போட முடியல, கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகி பேங்க்ல செக்க திருப்பி அனுப்பிட்டாங்க. மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தோம், நார்மல். வயசாகுதுல்ல, அதான்னு சொல்லிட்டாங்க, நாங்களும் நிம்மதியா வீட்டுக்கு வந்து இன்னொரு வருஷத்த விட்டுட்டோம்.

கடைசியா பாத்த நரம்பு டாக்டர் ஃபிலிம தொடவே இல்ல. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னாரு, வராண்டாவுல நடக்கச் சொன்னாரு, மணிக்கட்ட பிடிச்சு சுத்திப் பாத்தாரு, பார்கின்சன்னு சொல்லிட்டாரு.

அவரு சொல்லித்தான் புரிஞ்சுது. நடு மூளையில டோபமைன்ங்கிற, உடம்பு அசைவுக்கு வேண்டிய வேதிப்பொருள சுரக்குற செல்லுங்க அழியுறதுதான் இந்த நோய், கை கால் மெதுவாகுறதுக்குள்ள அதுல கணிசமான பங்கு போயிருக்கும், ஆனா சாதாரண எம்ஆர்ஐ-ல அது தெரியாது, பக்கவாதமா, மூளையில நீர் கோத்திருக்கான்னு பாக்கத்தான் அத எடுக்குறது. டோபமைன் நரம்ப பாக்கணும்னா லேசான கதிரியக்க மருந்த ஊசியில போட்டு எடுக்குற ட்ரோடாட், எஃப்-டோபா பெட் மாதிரி ஸ்கேன் வேணும். நல்ல மூளையில ரெண்டு பக்கமும் கமா மாதிரி ஒளிருற இடம், நோய் வந்தா வால் மங்கி வெறும் புள்ளியா ஆயிடும். அப்பாவுக்கு வலது கைதானே மெதுவாச்சு, அவருக்கு எடுத்த இந்த ஸ்கேன்ல அதிகமா மங்கினது மூளையோட இடது பக்கம், அதுதான் வலது கைய இயக்குற பக்கம். குடும்பத்துல பலருக்கு வர்ற சாதாரண கை நடுக்கத்துக்கு இந்த ஸ்கேன் நார்மலாவே இருக்குமாம். இன்னொண்ணு, இதுல தெரியுற இழப்பு உடம்பு மெதுவாகுறதோட ஒத்துப்போகுற அளவுக்கு நடுக்கத்தோட ஒத்துப்போறதில்ல. எங்க அப்பாவுக்கு நடுக்கம் இல்லவே இல்லைங்க, அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல.

எல்லாரும் ஓடிப்போய் இந்த ஸ்கேன எடுங்கன்னு நான் சொல்லல, செலவு ஜாஸ்தி, பலருக்குத் தேவையும் இல்ல. இந்த நோய்க்குப் பேரு வரக் காரணமான டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-ல இதப் பத்தி எழுதினதே ஸ்கேன் எதுவும் இல்லாம, ஆறே பேர வச்சு, அதுல சிலரத் தெருவுல பாத்ததோட சரி.

அடுத்த தடவ எழுதும்போது கை வீச்சு, பட்டன், கையெழுத்து இந்த மூணையும் ஒரு பெட்டியில பெருசா போடுங்க, ஸ்கேன் அதுக்குக் கீழ வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி