ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடுகளுக்கு உண்ணி மருந்து அடிக்கச் சொல்லி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரி. உண்ணி கடித்து மாடு படுத்த பிறகு என்ன செய்வது என்பதையும் எழுதியிருக்கலாம்.

பள்ளத்தூர் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஆச்சி குடும்பம் சென்னையில். பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் என் ஜெர்சி கலப்புப் பசுக்கள் நிற்கின்றன. காரை பெயர்ந்த சுவரில் செங்கல் இடுக்கைக் குச்சியால் நோண்டினால் உண்ணி உதிரும். தைலேரியா என்ற ரத்த நோயைப் பரப்பும் உண்ணிக்கு இந்த இடுக்குதான் வீடு. மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துச் சுவரை விட்டால் மறுபடி ஏறிவிடும்.

சித்திரையில் ஒரு பசுவுக்குக் காய்ச்சல் 106 டிகிரி. தீனி எடுக்கவில்லை. தோளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. பார்க்க வந்த மாட்டு டாக்டர் காய்ச்சல் ஊசியும் பென்சிலினும் போட்டார். "ரத்தம் பாக்க வேணாமா?" என்றேன். "மூத்திரம் காப்பி நெறத்துல போகலையேக்கா, இது உண்ணிக்காய்ச்சல் இல்ல" என்றார்.

உண்ணி பரப்பும் ரத்த நோய்களில் காப்பி நிறம் பபேசியாவின் அடையாளம். தைலேரியாவில் நெறி வீங்கும், கண் வெளுக்கும். அனாபிளாஸ்மாவில் கண் மஞ்சளாகும், சாணி இறுகும். மருந்தும் வேறு வேறு: தைலேரியாவுக்கு பூபர்வாகோன், பபேசியாவுக்கு டிமினசின், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். பென்சிலின் இவற்றில் எதையும் தொடாது. பிறகு வேறொரு டாக்டர் ரத்தம் பார்த்துத் தைலேரியா என்றார். பசு பிழைத்தது; கறவை பாதிகூடத் திரும்பவில்லை.

அவர் ஸ்லைடு எடுத்தபோது மாட்டைப் பிடித்திருந்தது நான்தான். காது நுனியில் மயிரை மழித்து, ஸ்பிரிட் தடவி, நரம்பில் ஒரு குத்து. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து ஒரே இழுப்பு. காயும்வரை ஈ விரட்டியதும் நான்தான். அசந்தால் ரத்தத்தை நக்கிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் மெத்தனால், ஜீம்சா சாயம், மைக்ராஸ்கோப். இதில் யானை விலைச் சமாச்சாரம் எதுவும் இல்லை.

கால்நடை மருந்தகம்தோறும் மைக்ராஸ்கோப்பும் ஆளும் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். இருக்கட்டும். எங்கள் பால் சங்கத்திலிருந்து தினமும் வண்டி போகிறது. மெத்தனாலில் நனைத்துக் காயவைத்த ஸ்லைடுக்கு ஐஸ் தேவையில்லை. மாட்டின் காது வில்லை எண்ணை எழுதி, டப்பாவில் போட்டு அந்த வண்டியிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவைப் போனில் சொல்லிவிடலாம். 1962-க்குப் போன் செய்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ்காரர்களும் ஊசிக்கு முன் ஒரு ஸ்லைடு இழுத்து வைக்கட்டும். மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி கண்ணில் படாமலே போகலாம்.

புலிக்குளம் மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நாட்டு மாடு இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற கலப்பு மாட்டுக்காரர்கள்தான்.

ஸ்லைடு, டப்பா செலவை நாங்களே போட்டுக்கொள்கிறோம். பார்த்துச் சொல்ல ஓர் ஆளை மட்டும் துறை ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.